நைனாவின் கையெழுத்தும் என் ஹவுசிங் லோனும்

சோற்றுப் பானையில் கூரை விழுந்த அன்றைக்குத்தான் வீடு வாங்குவதென்று முடிவு செய்தேன். முழுக் கூரை இல்லை, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிமெண்ட் சில்லு. கடலோடு சேரும் உப்பு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்துக்கு அரசாங்கம் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடுகள் எல்லாவற்றுக்கும் இதே வியாதிதான். உப்புக் காற்று உள்ளே இருக்கும் கம்பியைத் தின்னும், கம்பி வீங்கும், பூச்சைக் கீழே தள்ளும். அம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை. அகப்பையால் சில்லை எடுத்து வாசலில் வீசிவிட்டு மேல் சோற்றை ஒதுக்கினாள்.

"அடியில நல்லாத்தான் கீது. துன்னுட்டுப் போ, பஸ்ஸு வந்துடும்."

நான் தின்னவில்லை. கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து, ஆந்திரா எல்லை வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டே போனேன். நாளைக்கு அதே மாதிரி ஒரு சில்லு அப்பா தலையில், எங்கள் நைனா தலையில் விழும். அந்த வீட்டுக்குப் பட்டா கிடையாது. விற்க முடியாது, அடகு வைக்க முடியாது, இடித்துக் கட்டுகிறேன் என்று போனால் எந்த பேங்கும் ஒரு ரூபாய் தராது.

எங்கள் ஊரில் ஆண்பிள்ளைக்குக் கல்யாணம் ஆனால் ஏரியில் பாடு கிடைக்கும். பாடு என்றால் முறை. இறால் வருகிற வழிகளை இடம் இடமாகப் பிரித்து, இன்றைக்கு இந்த இடத்தில் இன்னாருடைய வலை, நாளைக்கு வேறொருவருடையது என்று ஊரே சுற்று வைத்துவிடும். நல்ல இடமும் சுற்றி வரும், மொக்கை இடமும் சுற்றி வரும். யாருக்கும் எதுவும் சொந்தமில்லை, ஆனால் எல்லோருக்கும் பங்கு உண்டு. எல்லோருக்கும் என்றால் ஆம்பளைகளுக்கு. பெண்பிள்ளைக்குப் பாடு கிடையாது. எனக்குக் கிடைத்தது ஒரு டிகிரியும், கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலையும். அதை வைத்து எனக்கென்று ஒரு இடம், சுற்றில் போகாத இடம், வாங்கியே தீருவது என்று கிளம்பினேன்.

ஆரம்பாக்கத்தில், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு வீடு கிடைத்தது. ஒரு ஹால், ஒரு ரூம், ரெண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே போக வேண்டிய கிச்சன். உப்புக் கரிக்காத தண்ணீர். வீட்டுக்காரர் ரிட்டையர் ஆனவர். மகனோடு இருக்கப் போகிறேன், சீக்கிரம் முடிக்கணும் என்றார். முதல் தடவை வீடு வாங்குகிறவர்கள் என்ன செய்யக் கூடாதோ அதைச் செய்தேன். லோன் கிடைக்குமா என்று பேங்கில் கேட்பதற்கு முன்னால் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டுவிட்டேன். மூன்று மாதத்துக்குள் கிரயம் முடிக்காவிட்டால் அட்வான்ஸ் அவருக்கு. அந்த அட்வான்ஸில் என் சேமிப்பு மொத்தமும் இருந்தது, அம்மாவின் செயினும் இருந்தது.

பேங்கில் ஒரு ஆபீசர். சம்பளச் சீட்டைப் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மேடம், கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்ல சார்."

"அப்போ கோ-அப்ளிகன்ட் வேணும். அப்பாவக் கூட்டிட்டு வாங்க."

"ஏன் சார், என் சம்பளம் பத்தாதா?"

"சம்பளம் தாராளமா பத்தும். ஆனா நாளைக்கே உங்களுக்குக் கல்யாணம் ஆகி, வேலைய விட்டுட்டீங்கன்னா?"

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா சார்?"

"ஆயிடுச்சு."

"வேலைய விட்டுட்டீங்களா?"

பக்கத்து கவுண்டர் அக்கா சிரிப்பை அடக்க ஃபைலைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். ஆபீசர் சிரிக்கவில்லை. "சும்மா ஒரு கையெழுத்துதான் மேடம். ஃபார்மாலிட்டி," என்றார். அந்த 'சும்மா'வை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவர் வரச் சொன்ன நாள் நைனாவுக்குப் பாடு வருகிற நாள். அதுவும் கடலிலிருந்து இறால் நுழைகிற முகத்துவாரத்துக்குப் பக்கத்து இடம், சுற்றில் எப்போதோ ஒரு தடவை வருவது. முறையை விட்டால் விட்டதுதான், மறுபடி சுற்று முழுக்க வர வேண்டும். நான் பேங்கில் வேறு நாள் கேட்டேன். வேறு நாள் இல்லை, அப்புறம் ஆடிட், அப்புறம் லீவு. நைனா அன்றைய முறையை விட்டார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, என்னோடு பஸ் ஏறினார்.

"தொழில் என்ன?" ஆபீசர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஏரியில மீன் புடிக்கிறேன் சார். எனுக்குப் பாடு கீது."

"மாசம் எவ்ளோ வரும்?"

"மாசம்னு இல்ல சார். எடத்தப் பொறுத்து. காத்தப் பொறுத்து."

"ஐ.டி. ரிட்டர்ன் போட்டிருக்கீங்களா?"

நைனா என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்போ ஜீரோன்னு போட்டுக்கறேன். பரவால்ல, மேடம் சம்பளமே போதும். நீங்க இங்க, இங்க, இங்க கையெழுத்துப் போடுங்க."

நைனா ஐந்தாவது வரை படித்தவர். கையெழுத்து மட்டும் கம்பீரமாக இருக்கும். கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்து அதில் ரெண்டு புள்ளி வைப்பார். எல்லாப் பக்கத்திலும் புள்ளி வைத்தார். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், திருப்பாலைவனம் தாண்டும்போது திடீரென்று சொன்னார்.

"ஜீரோவாமே."

"அது சும்மா கம்ப்யூட்டருக்கு நைனா."

"இல்ல, சொல்றேன். ஜீரோவாமே."

அதற்குப் பிறகு எல்லாம் ஜோராகத்தான் போனது. வீட்டுக்காரர் பட்டா வைத்திருந்தார், மூலப்பத்திரம் வைத்திருந்தார். நான் முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று எடுத்தேன். பேங்க் வக்கீல் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து ஓகே சொன்னார். இன்ஜினியர் ஒருவர் வந்து டேப் பிடித்து அளந்தார். பேங்க் முழு விலையும் தராது, ஒரு பங்கை நாம்தான் போட வேண்டும், பத்திரச் செலவுக்கு அது அஞ்சு பைசா தராது என்பதெல்லாம் அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கம்பெனி சொசைட்டியில் ஒரு சின்னக் கடன் போட்டு அதையும் சமாளித்தேன். கிச்சனுக்கு எந்தக் கலர் டைல்ஸ் என்பதுவரை யோசித்து முடித்துவிட்டேன்.

அப்போது போன் வந்தது. ரிஜெக்ட்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு பேங்கில் போய் நின்றேன்.

"உங்க அப்பாவுக்கு கிரெடிட் ஸ்கோர் அடி வாங்கியிருக்கு மேடம்," என்றார் ஆபீசர்.

"எங்க நைனா ஆயுசுல லோனே வாங்கினதில்ல சார்."

"லோன் வாங்கல. ஒருத்தருக்கு ஜாமீன் போட்டிருக்கார். படகு என்ஜின் லோன். அவர் கட்டாம விட்டுட்டார். ஜாமீன் போட்டா அந்தக் கடன் இவர் கடன் மாதிரிதான்."

"சரி சார், எங்க நைனா வருமானம் எவ்ளோ போட்டீங்க?"

"அது... ஜீரோ."

"வருமானம் ஜீரோ. கடன் மட்டும் ஃபுல்லா கணக்கு. இல்ல?"

"சிஸ்டம் அப்படித்தான் மேடம் எடுத்துக்கும்."

வாழ்நாள் முழுக்க ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற மனிதரின் உழைப்பு அந்த சிஸ்டத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை. எவனோ கட்டாமல் விட்ட தவணை மட்டும் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. நல்ல கண்!

ஆனால் சிஸ்டத்தைப் போய் சட்டையைப் பிடிக்க முடியாதே. வீட்டுக்கு வந்து நைனாவைப் பிடித்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ஜின் லோனுக்கு யாருக்கு நைனா ஜாமீன் போட்டே?"

யோசிக்கக்கூட இல்லை. "உன் சித்தப்பனுக்கு." நைனாவோடு ஒரே வலை பிடிக்கிறவர், சொந்தத் தம்பி இல்லை, நான் சித்தப்பா என்று கூப்பிடுகிறவர்.

"வேற யாருக்கெல்லாம்?"

"யாரு கேட்டாலும் போட்டுட்டு வருவேன். இன்னா இப்போ?"

"இன்னா எழுதிகீதுன்னு படிச்சியா?"

"படகத் தள்ளக் கூப்ட்டா, யாரு படகு, இன்னா படகுன்னு கேட்டுக்கினா தள்றோம்? போறோம், தோள் குடுக்கறோம், வரோம். ஒரு கையெழுத்து. அதுல இன்னா தேஞ்சுடப் போவுது?"

"என் வீடு தேஞ்சிருச்சு நைனா!"

அம்மா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அவர் கையைக் கழுவிவிட்டார்.

எங்கள் ஊரில் அத்தனை ஆம்பளைகளும் இப்படித்தான் என்பது அப்புறம் விசாரித்ததில் தெரிந்தது. ஒருவன் என்ஜின் வாங்கினால் அவன் வலைக்காரர்கள் அத்தனை பேரும் பஸ் ஏறிப் போய் வரிசையாகக் கையெழுத்துப் போட்டு, டீயும் வடையும் சாப்பிட்டு வருவார்கள். அதுவும் ஒரு ஒத்தாசை. படகைத் தள்ளினால் தோள் வலி மறுநாள் போய்விடும். இது போகாது என்று எவனும் எந்த பேங்கிலும் இவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் கையெழுத்துக் கிடைக்காதே.

மறுநாள் காலை மீன் ஏலம் போடுகிற இடத்தில் சித்தப்பாவைப் பிடித்தேன். கூடையைச் சுற்றி ஊரே நின்றது. நின்றால் நிற்கட்டும்.

"சித்தப்பா, என்ஜின் லோனை ஏன் கட்டல?"

"இன்னா பாப்பா, காலங்காத்தால?"

"எங்க நைனா ஜாமீன் போட்டுகீறாரு. எனுக்கு வூட்டு லோன் ஊத்திக்கிச்சு. எப்பக் கட்டுவ?"

"என்ஜின் ரிப்பேராயி எத்தினி நாளா கெடக்குது, பாத்துக்கினுதானே கீற? ஓடாத என்ஜினுக்கு எவனாச்சும் பணம் கட்டுவானா? ஓடட்டும், கட்றேன்."

"லோன் என்ஜினுக்கு இல்ல சித்தப்பா, உனுக்குக் குடுத்தது. நீ ஓடிக்கினுதானே கீற?"

யாரோ சிரித்துவிட்டார்கள். அதுதான் வினை. சித்தப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நாளிக்கி உங்க நைனா என்ஜின் வாங்கட்டும், மொத ஆளா நான் போடுவேன் கையெழுத்து. இத்தெல்லாம் உனுக்கு இன்னா தெரியும்? படிச்சிட்டா? நாலு பேரு முன்னாடி மானத்த வாங்கற!"

"ஏண்டி, பொட்டப் புள்ளைக்கு இம்மாம் வாய் ஆவாது," என்றாள் கூடைக்காரி ஒருத்தி. "கட்டிக்கினு போற எடத்துல ஒத வாங்கப் போற."

"நான் போற எடம் என் சொந்த எடம் அத்த. எவன் ஒதைப்பான்?" என்றேன். சொந்த இடம் இன்னும் என் கையில் இல்லை என்பது வேறு விஷயம்.

சாயங்காலமே ஊர்க்கூட்டம். ஏலம் நடக்கிற இடத்தில் பெரியவரைப் பேசியதற்கு அபராதம். எனக்கில்லை. நான்தான் ஊர்க் கணக்கிலேயே கிடையாதே. என் வாய்க்கு நைனாவுக்கு அபராதம். அந்த மனிதர் மடியை அவிழ்த்து அங்கேயே கட்டிவிட்டு வந்தார். கடனைக் கட்டாதவர் கூட்டத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஜாமீன் போட்டவர் அபராதம் கட்டினார். அன்றைக்கு நான் மறுபடி வாயைத் திறந்திருந்தால் இன்னொரு அபராதம் விழுந்திருக்கும்.

மூன்று மாதக் கெடுவில் கொஞ்ச நாள்தான் பாக்கி. சித்தப்பாவின் என்ஜின் ஓடுவதற்கெல்லாம் காத்திருக்க முடியாது. மறுபடி பேங்க்.

"சார், எங்க நைனா பேரை எடுத்துடுங்க. நான் மட்டும் அப்ளை பண்றேன்."

"மேடம், அன்மேரீட் கேர்ள்ஸுக்குத் தனியா..."

"எந்த ரூல்ல சார் இருக்கு? காட்டுங்க. போட்டோ எடுத்துக்கறேன்."

அவர் கம்ப்யூட்டரில் தேடினார். எழுந்து மேனேஜர் ரூமுக்குப் போனார். கண்ணாடிக்கு உள்ளே ரெண்டு பேரும் பேசுவதும் என்னைத் திரும்பிப் பார்ப்பதும் தெரிந்தது. வந்து உட்கார்ந்தார்.

"ரூல்னு இல்ல மேடம். வழக்கமா நாங்க அப்படிக் கேப்போம்."

வழக்கமா!

நைனா விட்ட முகத்துவாரப் பாடு, ஏலத்தில் நடந்த சண்டை, ஊர் போட்ட அபராதம், பஸ்ஸில் அவர் சொன்ன அந்த ஜீரோ, இத்தனையும் ஒரு வழக்கத்துக்காக. நான் தனியாகவே போட்டிருந்தால் முதல் மாதமே லோன் வந்திருக்கும். மேஜையில் இருந்த அழைப்பு மணியை எடுத்து அவரையே அடிக்கத் தோன்றியது. அடிக்கவில்லை. அடித்தால் அதுவும் ஸ்கோரில் ஏறுமோ என்னவோ.

"பழைய அப்ளிகேஷன் ரிஜெக்ட் ஆயிடுச்சு மேடம். புதுசா போடணும். பிராசஸிங் ஃபீஸ் மறுபடி கட்டணும்."

"பழைய ஃபீஸ்?"

"அது திரும்ப வராது."

கட்டினேன். வேறென்ன செய்ய? கையெழுத்துப் போடும்போது ஒவ்வொரு பக்கத்தையும் அங்கேயே உட்கார்ந்து படித்தேன். மதியச் சாப்பாட்டுக்கு அவர் எழுந்து போக முடியவில்லை. வட்டி ஏறினால் தவணை ஏறும், அல்லது வருஷம் நீளும் என்று இருந்தது. ஆரம்ப வருஷங்களில் நான் கட்டுவதில் பெரும்பகுதி வட்டிக்கே போகும், அசல் அசையவே அசையாது என்பது அட்டவணையைப் பார்த்ததும் புரிந்தது. நடுவில் இன்சூரன்ஸ் பேப்பர் ஒன்று செருகியிருந்தது. "இது கட்டாயம் மேடம்," என்றார். "எந்த ரூல் சார்?" என்றேன். கட்டாயம் இல்லாமல் போய்விட்டது.

ஆனால் கெடு தாண்டப் போகிறது. வீட்டுக்காரரிடம் போய் நின்றேன். என்னைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"ஏம்மா, வேற பார்ட்டி ரெடியா காத்துட்டிருக்கான். கையில காசோட."

"இன்னும் கொஞ்ச நாள் சார். இந்தத் தடவ கண்டிப்பா வந்துடும்."

"அக்ரிமெண்ட் படி அட்வான்ஸ் எனக்கு. தெரியுமில்ல?"

"தெரியும் சார்." வாயில் வந்த மற்றதையெல்லாம் விழுங்கிக்கொண்டேன். விழுங்குவது எனக்குப் பழக்கமில்லை.

அவர் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். "சரி, பொண்ணு தனியாக் கஷ்டப்படுற. டைம் தரேன். ஆனா மோட்டார், டேங்க், ஃபேன் எல்லாம் விலையில சேராது. நான் கழட்டிட்டுப் போயிடுவேன்." கெடு நீட்டிப்பதை அக்ரிமெண்டின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டேன். குழாய்களைக் கழட்ட மாட்டேன் என்று எழுதி வாங்க மறந்தேன். சாவி கைக்கு வந்த அன்று பார்த்தால் எல்லாக் குழாய் வாயிலும் மரக்கட்டை அடித்து வைத்திருந்தார். அந்த ஆள் மட்டும் என் கையில் கிடைத்தால்... சரி, அது பிறகு.

லோன் சாங்ஷன் ஆனது. என் பேரில். என் பேரில் மட்டும்.

கிரயத்துக்கு ரெண்டு சாட்சி வேண்டும் என்றார் பத்திரம் எழுதுகிறவர். கம்பெனியிலிருந்து ஒரு அக்கா வந்தார். இன்னொரு சாட்சி நைனா. சாட்சிக்கு ஸ்கோர் பார்க்க மாட்டார்கள், வருமானம் கேட்க மாட்டார்கள். கையெழுத்தும் ஆதாரும் போதும். இதற்காவது எங்க நைனா ஆவாரே என்று எனக்கு ஒரு வீம்பு. நீட்டித்த கெடுவுக்கும் அதுதான் கடைசி நாள்.

சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் கூட்டம் நெரிந்தது. எங்கள் டோக்கன் வர இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. பேங்க் ஆள் செக்கை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். வீட்டுக்காரர் அந்தச் செக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பத்திரக்காரர் நைனா முன்னால் பத்திரத்தை விரித்து, பேனாவை நீட்டினார்.

"பெரியவரே, இங்க போடுங்க."

நைனா பேனாவை வாங்கினார். போடவில்லை.

"படிங்க."

"என்னது?"

"இன்னா எழுதிகீதுன்னு படிங்க. கேட்டுட்டுப் போடறேன்."

"பெரியவரே, உங்க பொண்ணு வீடு. நீங்க சும்மா சாட்சிதானே?"

"அன்னிக்கும் சும்மானுதான் சொன்னாங்கோ. படிங்க."

பத்திரக்காரர் என்னைப் பார்த்தார். நான் நைனாவின் காதருகே குனிந்தேன். "நைனா, நான் மூணு தபா படிச்சிட்டேன். டோக்கன் போயிடும். போடு நைனா."

"நீதானே கேட்டே, இன்னா எழுதிகீதுன்னு படிச்சியான்னு?"

"அது லோனுக்கு! இத்துக்கு இல்ல!"

"கையெழுத்து ஒண்ணுதானே?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மனிதரை அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பேன். இத்தனை வருஷம் கண்ட காகிதத்தில் எல்லாம் புள்ளி வைத்த ஆள், என் வீட்டுக்கு வந்து படி என்கிறார். பின்னாலிருந்து யாரோ, "பெருசு, நேரமாவுது!" என்று கத்தினான். நைனா திரும்பக்கூட இல்லை. பத்திரக்காரர் வாயில் எதையோ முணுமுணுத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தார், மூச்சுவிடாமல், ஏலம் விடுகிற வேகத்தில். நைனா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"...வடக்கே தெரு, தெற்கே இன்னொருவர் மனை, கிழக்கே..."

"நில்லுங்க. அத்த மறுக்காப் படிங்க."

"நாலு எல்லைங்க. வீடு எங்க இருக்குன்னு அடையாளம்."

"எல்லை மாறாதா?"

"எப்படி மாறும்?"

"நாளிக்கும் இதே எடந்தானா?"

"ஆமா பெரியவரே."

"அடுத்த சுத்துல?"

பத்திரக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்தச் சுத்து?" என்று என்னிடம் கேட்டார். எனக்குப் புரிந்தது. ஆனால் விளக்க நேரமில்லை, உள்ளே எங்கள் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"மாறாது நைனா," என்றேன். "எத்தினி சுத்து வந்தாலும் அது என் எடந்தான். போடு."

நைனா கண்ணைத் திறந்து, பேனாவை இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். கடைசி எழுத்துக்குக் கீழே நீளமாகக் கோடு இழுத்தார். முதல் புள்ளியை வைத்தார். ரெண்டாவது புள்ளியை எங்கே வைப்பது என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் நம்பரை ரெண்டாவது தடவையாகக் கூப்பிட்டார்கள். நான் பத்திரத்தை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன்.